நடுப்புள்ளி

— மைக்கை மூடு ஸ்பானர். முதல்ல அதை மூடு.

— மூடிட்டேன் மேடம். நாம பேசறது இனி உள்ள கேட்காது. உள்ள இருந்து அக்கா பேசறது மட்டும் நமக்குக் கேட்கும். என்ன ஆச்சு? பேயறைஞ்ச மாதிரி ஆயிட்டீங்களே.

— படத்தைப் பாரு. நடுவுல பாரு.

— ஈரல்தானே? ஒரே சீரா, துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. பழைய மெஷின்ல மணல் கொட்டி வெச்ச மாதிரி தெரியும். நியாயமா பார்த்தா இந்தப் படத்துக்கே நமக்கு... ம்.

— என்ன ம்?

— ஒரு கறுப்புப் புள்ளி.

— எவ்வளவு பெருசு? நீ சொல்லு. என் கண்ணை நான் நம்பல.

— மிளகை விடக் கொஞ்சம் சின்னதா இருக்கும். மேடம், நாம செஞ்ச இந்தப் புது ஸ்கேன் மெஷின்ல நல்லா இருக்கற ஆளைத்தானே சோதனைக்குப் படுக்க வைக்கணும்னு சொன்னாங்க?

— நல்லா இருக்கறவன்னு நினைச்சுத்தான் எங்க அக்காவைக் கூட்டிட்டு வந்தேன். காலையில ஸ்கூல் வேனை ஓட்டி, பிள்ளைங்களை இறக்கி விட்டுட்டு, சிரிச்சுக்கிட்டே வந்து படுத்தா.

— குட்டி. ஏய் குட்டி. முடிஞ்சுதா இல்லையா? இந்த வளையத்துக்குள்ள படுத்திருக்கறது வண்டிக்கு அடியில படுத்த மாதிரியே இருக்கு. அங்கயாவது மேல இருந்து எண்ணெய் சொட்டும், பொழுது போகும்.

— மைக்கைத் திற. அக்கா, ஒரு நிமிஷம். அப்படியே இரு.

— இருக்கேன். ஏசிதான் எலும்புல ஏறுது. போர்வை கொடுத்தீங்க சரி, உள்ள இருக்கற ஈரலுக்கு யாரு போர்வை போடறது? ஈரக்குலை நடுங்குதுன்னு சும்மா பேச்சுக்குச் சொல்வோம், இன்னிக்கு நிஜமாவே நடுங்குது. நடுங்கினா படம் மங்கிடுமாடி?

— மங்காது. நீ பேசாம இரு.

— பேசாம இருக்கச் சொல்றியா? அப்போ ஏதோ இருக்கு.

— ஒண்ணும் இல்ல அக்கா. மூடு ஸ்பானர். மூடு, மூடு.

— மூடியாச்சு. மேடம், பக்கத்துக் கட்டடத்துல டாக்டர் இருக்காரு. நான் ஓடிப்போய்க் கூட்டிட்டு வரட்டுமா?

— வேண்டாம். முதல்ல இது யாரோட புள்ளின்னு தெரியணும்.

— யாரோட புள்ளின்னா?

— எங்க அக்காவோடதா, இல்ல மெஷினோடதா. எங்க விழுந்திருக்கு பாரு. ஓரத்துல இல்ல, பக்கத்துல இல்ல. படத்தோட நட்ட நடுவுல, மெஷின் எந்த இடத்தைச் சுத்திச் சுத்தி வருதோ அந்த இடத்துல. கதிரை வாங்கற தட்டுல, நடுப் பலகை ரெண்டும் சேர்ற இடத்துல நாலஞ்சு கட்டம் சூட்டுல பொய் சொன்னா என்ன வரும்?

— நடுவுல புள்ளி வரும்.

— ஆமா.

— அந்த ரெண்டு பலகையையும் முடுக்கினது நான்தான் மேடம்.

— தெரியும்.

— ஒவ்வொரு திருகையும் நீங்க சொன்ன இறுக்கத்துக்குத்தான் முடுக்கினேன். தலைமுடி நுழையாத அளவுக்கு ஒட்ட வெச்சேன். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்த மாதிரி இப்போ என் தலையில...

— ஸ்பானர், நான் உன்னைக் குத்தம் சொல்லல. நீ தப்பு பண்ணியிருக்கணும்னு வேண்டிக்கிட்டு இருக்கேன்.

— என்ன?

— கோவிச்சுக்காதே. நீ சரியா முடுக்கலைன்னு ஆயிட்டா உன் கால்ல விழுந்து கும்பிடுவேன். உனக்குப் பிடிக்கலைன்னா நான் வரைஞ்ச வரைபடம் தப்புன்னு வெச்சுக்கோ. எதுவா இருந்தாலும் சரி. அவளுதா மட்டும் இருக்கக் கூடாது.

— ... நியாயமா பார்த்தா நான் சண்டை போடணும். போட மனசு வரல. சரி, வேற எதுலயாவது தப்பு இருக்குமா பார்ப்போம். தட்டையே கால் கட்டம் தள்ளி வெச்சோமே, அதுல கோளாறு இருந்தா?

— யோசிச்சேன். ரெண்டு சீப்பை எதிரெதிரா செருகின மாதிரி, முன்பக்கம் பார்க்கற கோட்டுக்கு இடுக்குல பின்பக்கம் பார்க்கற கோடு விழணும், அதுக்குத்தான் கால் கட்டம் தள்ளினோம். அது பிசகினா புள்ளி ரெண்டாத் தெரியும், ஓரம் மங்கும். இங்க ஓரம் பாரு, நறுக்கி வெச்ச மாதிரி இருக்கு. இவ்வளவு சுத்தமா தெரியணும்னுதான் ராத்திரி பகலா உயிரை விட்டேன். இப்போ அந்தச் சுத்தம்தான் பயமுறுத்துது.

— அக்காவை இறக்கிட்டு, மெஷினைச் சரிபார்க்கற தண்ணி உருளையை வெச்சு எடுத்துப் பார்த்தா தெரிஞ்சுடுமே.

— அவ இறங்கி, உருளையை ஏத்தி, மட்டம் பார்க்கறதுக்குள்ள பலகை ஆறிடும். சூட்டுல மட்டும் வர்ற தப்பா இருந்தா உருளையில தெரியாது. மெஷின்ல கோளாறே இல்லைன்னு ஆயிடும், அப்புறம் அந்தப் புள்ளியை அவ தலையில கட்டிடுவாங்க. இப்பவே, இதே சூட்டுல, அவ மேலயே பார்க்கணும்.

— குட்டி, நான் ஒண்ணு சொல்லவா?

— திற. சொல்லு அக்கா.

— வேன்ல பின்னாடி இருபது பிள்ளைங்க கத்திக்கிட்டு வரும். நான் பயப்பட மாட்டேன். திடீர்னு எல்லாம் அமைதியாச்சுன்னா உடனே பிரேக் போட்டுடுவேன். ஏன்னா ஏதோ நடந்திருக்கும். இப்போ நீ அமைதியா இருக்கே. என்ன நடந்துச்சு?

— மெஷின்ல சின்னச் சந்தேகம்.

— மெஷின்லயா, என்கிட்டயா?

— அக்கா...

— சின்ன வயசுல பொய் சொல்றப்போ அக்கான்னு இழுப்பே. இப்பவும் இழுக்கறே. சொல்லிடு. நான் அம்மாவை ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா வண்டி ஓட்டினவ. கேட்காத சேதியா?

— படத்துல ஒரு புள்ளி இருக்கு.

— எங்க?

— ஈரல்ல.

— ...

— அக்கா? அக்கா, இருக்கியா?

— வேற எங்க போக? இருக்கேன். அம்மாவுக்கும் அங்கதானே கட்டி வந்துச்சு.

— அதுக்குள்ள அப்படி யோசிக்காதே. அது மெஷினோட புள்ளியாக்கூட இருக்கலாம். உனக்குப் புரியற மாதிரி சொல்றேன் கேளு. உன் தலைக்கு மேல கதிர் வர்ற குழாய் இருக்கு. அதுக்கு எதிர்ல பிறை மாதிரி வளைஞ்ச ஒரு தட்டு. அதுல வரிசையா சின்னச் சின்னக் கட்டம். ரெண்டும் சேர்ந்து உன்னைச் சுத்துது. ஓரத்துல ஒரு கட்டம் கெட்டுப் போச்சுன்னா படத்துல பெரிய வளையமா விழும், யார் பார்த்தாலும் தெரிஞ்சுடும். கெட்ட கட்டம் உள்ள தள்ளி இருந்தா வளையம் சின்னதாகும். நட்ட நடுவுல இருக்கறது கெட்டுச்சுன்னா...

— வளையம் சுருங்கிப் புள்ளியாயிடும். டயர்ல ஒட்டின பெயிண்ட் வண்டி ஓடறப்போ வட்டமாத் தெரியும். அச்சு மேல ஒட்டினது புள்ளியாவே நிக்கும்.

— ஆமா. அதேதான்.

— அப்போ இந்தப் புள்ளி அச்சு மேல இருக்கா?

— நட்ட நடுவுல இருக்கு. நடுவுலதான் இந்த மெஷினுக்குக் கண்ணு கூர்மை. அதனாலதான் காலையில உன்னை ஒருபக்கமா தள்ளிப் படுக்க வெச்சு, ஈரலை நடுவுக்குக் கொண்டு வந்தேன்.

— நடுவுல வெச்சதும் நீ, புள்ளி பார்த்ததும் நீ. நல்லா இருக்குடி உன் வேலை. சரி, இது யாருதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

— நீ நகரணும். இடது பக்கம் நாலு விரல். அப்புறம் இன்னொரு படம் எடுப்பேன். ரெண்டாவது படத்துக்கு டாக்டரோட அனுமதி முன்னாடியே இருக்கு. புள்ளி உன்னோட சேர்ந்து நகர்ந்தா...

— என்னுது.

— நடுவுலயே நின்னா மெஷினோடது. நீ வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.

— நாலு விரல்.

— நாலே விரல்தான்.

— குட்டி, அம்மா தெரியாம இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தா. ஞாபகம் இருக்கா? முதல் படத்துல ஒண்ணும் இல்லைன்னாங்க. வீட்டுக்கு வந்து ஜன்னல் கண்ணாடியெல்லாம் தானே ஏறித் துடைச்சா. தெரிஞ்ச அன்னிக்குத்தான் படுத்தா. அப்புறம் எழுந்திருக்கல.

— முதல் படம் எடுத்தப்பவே அது இருந்துச்சு அக்கா. அந்த மெஷினோட கட்டம் பெருசு, புள்ளி சின்னது. வலையில பொடிமீன் நழுவின மாதிரி நழுவிடுச்சு. அன்னிக்கே தெரிஞ்சிருந்தா வெட்டி எடுத்திருக்கலாம். அதனாலதானே நான் இந்த வேலைக்கே வந்தேன். இந்தக் கட்டத்தை இவ்வளவு பொடியா வெச்சதே அதனாலதானே.

— தெரியும்டி. சொல்லிச் சொல்லி மூணு ஊருக்குக் கேட்டாச்சு. நான் சும்மா சொன்னேன்.

— அக்கா, நகருறியா? இல்ல நான் உள்ள வரட்டுமா?

— நீ வந்தா அழுவே.

— இல்ல.

— வராதே. உன் முகத்தைப் பார்த்தா எனக்குக் கை கால் ஓடாது.

— அப்போ ஸ்பானரை அனுப்பறேன். மெதுவா தள்ளி விடுவான்.

— அந்தத் தம்பி வேண்டாம். திருகு முடுக்கற கை, என்னையும் சேர்த்து முடுக்கிடும். நானே நகர்ந்துக்கறேன். முதுகை ஊனித் தள்ளினா ஆச்சு. கொஞ்சம் நேரம் கொடு.

— மூடு ஸ்பானர்.

— மூடிட்டேன். என்ன மேடம், உட்காருங்க. இந்த நாற்காலியில உட்காருங்க.

— நான் உள்ள போயிருக்கணும்.

— அவங்களே வேண்டாம்னுட்டாங்களே.

— அவ சொன்னதால நிக்கல. எனக்குப் பயம். உள்ள போய் அவ முகத்தைப் பார்த்தா, அம்மா முகம் அந்தக் கடைசியில மஞ்சளா இருந்ததே, அது தெரியும். எனக்கும் அவளுக்கும் நடுவுல இந்தக் கண்ணாடி இருக்கட்டும்னு தோணுது. கேவலமா இருக்கு சொல்றதுக்கு.

— அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் மேடம். கொஞ்சம் தண்ணி குடிங்க.

— இங்க இருந்து பார்த்தா அவ பாதம் மட்டும்தான் தெரியுது. அந்தக் கால் விரலைப் பாரு, எப்படி மடக்கி வெச்சிருக்கா.

— குளிருக்கு அப்படித்தான் மடங்கும்.

— அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா எனக்குன்னு ஒருத்தரும் இல்ல ஸ்பானர். அம்மா போனப்புறம் அவதான் எனக்குத் தலை வாரி விட்டா. வேன் ஓட்டின கையால பின்னி விடுவா, பின்னல் கோணலா இருக்கும். அதோடதான் காலேஜுக்குப் போனேன்.

— குட்டி. ஆச்சு. எடு.

— திற. நகர்ந்துட்டியா அக்கா?

— ஆச்சுன்னு சொல்றேன்ல. எடு. சீக்கிரம் எடு.

— மூச்சை இழு. அப்படியே பிடிச்சுக்கோ. விடாதே.

— ...

— விடு. விடு அக்கா, நல்லா மூச்சு விடு. மூடு ஸ்பானர். படம் வருதா?

— வருது. முழுப் படத்தையும் போடட்டுமா?

— முழுசு வர நேரமாகும். அவ்வளவு நேரம் என் நெஞ்சு தாங்காது. முன்ன மாதிரியே நடுவுல இருக்கற சின்னச் சதுரத்தை மட்டும் போடு. தீப்பெட்டி அளவு போதும். இந்தக் கூர்மையெல்லாம் அதுக்குள்ளதானே இருக்கு.

— போட்டுட்டேன். கண்ணை மூடிக்கிட்டீங்களா மேடம்?

— ஆமா. நீ பார்த்துச் சொல்லு. புள்ளி எங்க இருக்கு? தள்ளிப் போயிடுச்சா?

— இருங்க, இன்னும் தெளியல. சாம்பலா இருக்கு. இப்போ கொஞ்சம்...

— சொல்லேன்.

— மேடம்.

— என்ன?

— நடுவுலயே இருக்கு.

— நடுவுலன்னா?

— அச்சு அசலா அதே இடம். ஒரு கட்டம்கூட அசையல. கண்ணைத் திறந்து பாருங்க.

— ... அய்யோ. அய்யோ ஸ்பானர். நகரல. நகரவே இல்ல.

— மெஷினோடதுதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. அழாதீங்க மேடம். நியாயமா பார்த்தா நான்தான் அழணும், என் பலகை கெட்டுப் போச்சு.

— உன் கையைக் கொடு. நீ நல்லா இருக்கணும். உன் திருகு எல்லாம் நல்லா இருக்கணும்.

— செஞ்ச மெஷின் கெட்டுப் போச்சுன்னு ஒரு இன்ஜினியர் சந்தோஷப்பட்டு இன்னிக்குத்தான் பார்க்கறேன். எதுக்கும் அந்த முழுப் படத்தையும் ஒரு தரம்...

— எதுக்கு? புள்ளி நின்ன இடத்துலயே நிக்குது. அதுக்கு மேல என்ன வேணும்? மைக்கைத் திற. அக்கா. அக்கா, கேட்குதா? புள்ளி நடுவுலயே நிக்குது.

— ...

— உன்னுது இல்ல அக்கா. மெஷினோடது. உனக்கு ஒண்ணும் இல்ல. நீ எழுந்திருக்கலாம்.

— அழறியா?

— சந்தோஷத்துல அழறேன். நீ ஏன் பேச மாட்டேங்கறே?

— பேசறேனே. இப்போ அந்த மெஷினை என்ன பண்ணுவே?

— அதைப் பத்தி உனக்கென்ன? எழுந்திரு. வீட்டுக்குப் போலாம்.

— இல்ல, சொல்லு.

— நடுப் பலகையைக் கழட்டணும். நாளைக்கு எங்க ஆபீஸ் பெரியவர்கிட்டப் போய் நானே சொல்லிடுவேன், அவர் ஆரம்பத்துலயே சொன்னார், இவ்வளவு பொடிக் கட்டம் சூடு தாங்காதும்மா, நடுவுல புள்ளி விழும்னு. புள்ளி விழுந்தா மறுபேச்சு இல்லாம பழைய பெரிய கட்டத்துக்கே திரும்பிடணும்னு என்கிட்ட வாக்கு வாங்கியிருக்கார். போகட்டும். திரும்பிடறேன்.

— மேடம், பழைய கட்டம்னா மிளகெல்லாம் தெரியாதே. பட்டாணி அளவுக்கு வந்தாத்தான் தெரியும்.

— தெரியாட்டி போகட்டும் ஸ்பானர். எத்தனை வருஷ வேலையா இருந்தா என்ன? எங்க அக்கா நல்லா இருக்கா. எனக்கு அது போதும்.

— குட்டி.

— என்ன அக்கா? ஏன் இன்னும் படுத்திருக்கே?

— அம்மா மாதிரி இன்னொருத்தி வந்து இதுல படுத்தா?

— வந்தா வேற மெஷின் பார்க்கட்டும். என்னால ஊருக்கெல்லாம் அழ முடியாது.

— நீ அப்படிப் பேசற ஆள் இல்ல. அதைக் கழட்டாதே.

— ஏன்? அதான் கெட்டுப் போச்சே. அக்கா, உன் குரல் ஏன் இப்படி இருக்கு? கதவைத் திற ஸ்பானர், நான் உள்ள போறேன்.

— வராதே. அங்கயே நில்லு. நின்னு கேளு. நீ அவ்வளவு ஆசையா சொன்னே, நாலு விரல், நாலே விரல்தான்னு. நானும் முதுகை ஊனினேன். ஊனி, அந்த நாலு விரலைத் தாண்டினா என்ன தெரியும்னு நினைச்சேன். உடம்பு கல்லாயிடுச்சு. ஆச்சுன்னு வாய் சொல்லிடுச்சு.

— அக்கா, என்ன சொல்றே நீ?

— நான் நகரவே இல்லடி.